எழுப்ப வேண்டாம், மூச்சைப் பாருங்கள்

திங்கள்

தூக்க மாத்திரையை அளவு மீறி விழுங்கி மயங்கியவரை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்பதுதான் 1940கள் வரை ஐரோப்பிய மருத்துவர்களின் தவிப்பாக இருந்தது. அன்று புழங்கியவை பார்பிட்யூரேட் மாத்திரைகள். பிக்ரோடாக்சின், ஆம்ஃபெட்டமின், கோரமின் என்று மூளையைத் தூண்டும் ஊசிகளை அடுத்தடுத்துப் போட்டார்கள். வலிப்பு வந்தது, இதயத் துடிப்பு தாறுமாறானது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்.

1949இல் கோபன்ஹேகனின் பிஸ்பேபியர் மருத்துவமனையில் மருத்துவர் கார்ல் கிளெமெசன் நஞ்சுண்டவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். தூண்டும் ஊசிகளை நிறுத்தினார்கள். மூச்சுப்பாதையில் அடைப்பு வராமல் காத்தார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்தார்கள், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, இரவு பகலாகக் கண்காணித்தார்கள். மருந்தை உடல் தானே வெளியேற்றும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்தால் போதும் என்ற தெளிவு அது. ஸ்வீடனின் எரிக் நில்சன் 1951இல் இதையே ஆய்வேடாக்கினார். இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. புது மருந்து ஒன்றுகூட இல்லாமல், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதால் மட்டுமே இத்தனை பேர் பிழைத்தது மருத்துவ வரலாற்றின் பெரும் சாதனைகளில் ஒன்று. ஸ்காண்டினேவிய முறை என்று இந்தச் சிகிச்சைக்குப் பெயர்.

செவ்வாய்

இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் டயஸெபாம், அல்பிரசோலம் போன்ற பென்சோடயஸெபைன்கள். நாக்கு குழறும், நடை தள்ளாடும், கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி செருகும். மயக்கம் ஆழமாக இருந்தும் நாடியும் ரத்த அழுத்தமும் ஏறக்குறையச் சரியாக இருப்பது இவற்றின் அடையாளம். கூடவே மதுவோ ஓபியாய்டு வலிமருந்தோ சேர்ந்தால் மூச்சு அடங்கத் தொடங்குகிறது, ஆபத்து அங்கேதான்.

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு, தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுவது உண்டு. தட்டியும் எழாதவரின் குறட்டை, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

புதன்

அவசரப் பிரிவில் மூச்சைப் பார்த்த கையோடு விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். சர்க்கரை இறங்கியவரும் இதே போலத்தான் கிடப்பார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சும் மெதுவானால் ஓபியாய்டு என்று கருதி நலாக்சோன் தருவார்கள். அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்தவரையும் உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. கூடவே வேறு மாத்திரைகளும் உள்ளே போயிருக்கலாம் என்பதால் ஈசிஜியும் பாராசிட்டமால் அளவும் பார்க்கப்படும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவுக் கருவி நல்ல எண்ணையே காட்டலாம். மூச்சு குறைவதை வெளிவரும் கரியமில வாயுவின் அளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

ஆழ்ந்த மயக்கம் என்றாலே தொண்டையில் குழாய் போடுவது நெடுநாள் வழக்கம். மயங்கிய நஞ்சு நோயாளிகள் 225 பேரை வைத்து பிரான்ஸில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல் போன்ற அவசரக் காரணம் இல்லாதவரை குழாய் போடாமல் காத்திருந்த குழுவில், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவைவிட நிமோனியா குறைவு. இரு குழுவிலும் யாரும் இறக்கவில்லை. கோபன்ஹேகனில் கற்ற பொறுமைக்கு இது இன்னொரு சான்று.

வியாழன்

ஃப்ளூமாசெனில் பென்சோடயஸெபைனுக்கு நேரான மாற்றுமருந்து. ஓரிரு நிமிடத்தில் எழுப்பிவிடும். ஆனால் நெடுநாளாக மாத்திரைக்குப் பழகியவருக்கும், மனச்சோர்வுக்கான டிரைசைக்ளிக் மருந்தையும் சேர்த்து விழுங்கியவருக்கும் வலிப்பை வரவழைக்கலாம். என்ன விழுங்கினார் என்றே தெரியாத நோயாளிக்கு இதை எடுக்கத் தயங்கும் மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது.

வெள்ளி

காலி மாத்திரை அட்டைகளையும் விழுங்கிய நேரத்தையும் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம், தற்கொலை முயற்சி என்று போலீஸ் வழக்கு வரும் என்ற பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஒளிக்காமல் சொல்லுங்கள், அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

மயக்கம் தெளிந்தபின் மனநல மருத்துவர் பார்க்காமல் நோயாளியை அனுப்புவது பாதிச் சிகிச்சை. அவருக்கும் வீட்டாருக்கும் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம்.