எறிந்த வாள்

2017 டிசம்பரில் ‘த லாஸ்ட் ஜெடாய்’ வெளியான வாரம், மகளோடு போய்ப் பார்த்தேன். திரும்பும் வழியில் மெற்றோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜோன்-தலோனில் நீல வழிக்கு மாறிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“அப்பா, இது லூக் இல்லை. அவனைக் கெடுத்துப் போட்டாங்கள்.”

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் நாலரை வீட்டில், ஸ்டார் வோர்ஸின் பழைய மூன்று படங்களையும் பிரெஞ்சில் பார்த்து வளர்ந்தவள். டார்த் வேடர் அவளுக்கு இன்றைக்கும் ‘டார்க் வாடோர்’தான். அவளுடைய கோபத்துக்குக் காரணம் ஒரு காட்சி. உறங்கிக்கொண்டிருக்கும் தன் மருமகன் பென்னின் தலைமாட்டில் நின்று லூக் ஸ்கைவோக்கர் ஒளிவாளை ஏற்றுகிறான். தகப்பனைக் கொல்ல மறுத்து வாளை எறிந்தவன், தூங்கும் பெடியன் முன் அதை எடுப்பானா என்பது அவள் கேள்வி. அவள் மட்டுமல்ல, உலகம் முழுக்க ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். லூக்காக நடித்த மார்க் ஹாமிலே இயக்குநர் ரையன் ஜோன்சனின் முடிவுகளோடு தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அன்றிரவு படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

1977இல் லூக் ஏவும் குண்டு, டெத் ஸ்டாரை அதற்குள் இருந்த அத்தனை பேரோடும் சேர்த்து அழிக்கிறது. அவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது. 1980இல், ஒரு ஜெடாயின் ஆற்றல் காப்பதற்கே, தாக்குவதற்கு அல்ல என்று யோடா படிப்பிக்கிறார். குகைக்குள் ஆயுதம் தேவைப்படாது என்றும் சொல்கிறார். லூக் கேட்கவில்லை. உள்ளே வேடரின் தலையை வெட்டுகிறான். உடைந்த முகமூடிக்குள் தன் முகத்தையே காண்கிறான். 1983இல் வந்த மூன்றாம் படத்தின் தொடக்கத்தில் ஜாபாவின் காவலர்களை வெட்டித் தள்ளுகிறான். முடிவில் தகப்பனோடு சண்டை பிடிக்க மறுத்து இருளில் ஒளிகிறான். தங்கையைப் பற்றித் தகப்பன் ஒரு சொல் சொன்னதும் வெறிகொண்டு பாய்ந்து, அவர் கையைத் துண்டிக்கிறான். வெட்டுண்ட இயந்திரக் கையையும் தன் இயந்திரக் கையையும் மாறிமாறிப் பார்த்த பிறகுதான் வாளை எறிகிறான்.

வாளை எறிந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு நிமிடம் முந்தி நடந்ததை மறந்துவிடுகிறோம்.

சூரன்போர் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. சூரனை முருகன் அழிக்காமல் மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்லி உருகுகிறோம். அதற்கு முன்னம் தாரகனும் சிங்கமுகனும் விழுந்திருந்தார்கள். கருணை கடைசியில்தான் வந்தது.

பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லிவந்த ஒரு வசனம் உண்டு: “அப்பா ஒருத்தரையும் சுட்டதில்லை.” அது உண்மை. 1985இல் பதினேழு வயதில் ஓர் இயக்கத்தில் நாலு மாதம் இருந்தேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னதில்லை.

ஒரு நிலவில்லாத இரவு, ஊர் ஒழுங்கை முடக்கில் சென்றிக்கு நின்றேன். வேலியோரம் காலடி கேட்டது. யாரென்று கேட்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. நான் கேட்கவில்லை. துவக்கை உயர்த்தினேன். விரல் விசையில் இருந்தது. வந்தவர் என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமாவின் மகன், மச்சான். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலோடு வந்திருந்தார். துவக்கின் வாய் அவர் நெஞ்சுக்கு நேரே இருந்ததை இருவரும் கண்டோம். பார்சலை நிலத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அடுத்த மாதம் நான் விலகினேன்.

பென்னின் தலைமாட்டில் லூக் நின்றதும் அப்படி ஒரு கணம்தான். படத்தில் அவன் அந்தக் கதையை ரேயிடம் முதலில் சொல்லும்போது, வாள் ஏற்றியதை மறைத்துவிடுகிறான். அவள் விடாமல் கேட்ட பிறகே முழுதும் சொல்கிறான். திரையரங்கில் எனக்கு வேர்த்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் குசினியில் மகளிடம் சொன்னேன். லூக் மாறவில்லை பிள்ளை, அகிம்சை அவனுக்குப் பிறவிக் குணமாக ஒருநாளும் இருந்ததில்லை, ஒவ்வொரு முறையும் வாளைக் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்கு அது விளங்கியது என்றேன். கடைசிச் சண்டையை நினைத்துப் பார் என்றேன். அந்த உப்பு வெளியில் அவன் நிழலுருவாக மட்டும் வந்து நிற்கிறான். கால் பட்ட தடம்கூட இல்லை. பென் வெட்ட வெட்ட விலகுகிறானே தவிர, ஒருமுறையும் திருப்பி வெட்டவில்லை. மற்றவர்கள் தப்பிப் போக நேரம் எடுத்துக் கொடுக்கிறான். முதன்முதலாக அன்றைக்குத்தான், வெட்டாமல் நிற்பதென்று முன்கூட்டியே முடிவெடுத்து வந்திருந்தான்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள்.

ஒழுங்கை முடக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த மாமா இப்ப எங்க?”

“ஸ்காபரோவில. ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுப்பார். பனியைப் பற்றிக் கதைப்பம், பிள்ளையளைப் பற்றிக் கதைப்பம்.”

“இதைப் பற்றி?”

“இல்லை.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. லூக்கை மன்னித்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வருடம் மச்சான் எடுக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.