வரி வாங்காத வீடுகள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், துரியோதனனுக்கு சிமெண்டில் உடம்பு கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஊரில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பைக்கில் கால் மணி நேரம் போனால் எங்கள் கிராமம். பெயர் வேண்டாம். திருத்தணி, பள்ளிப்பட்டு, சோளிங்கர் என்று இந்த வட்டாரத்தில் எந்த ஊரை வைத்துப் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், இரண்டையும் அமுக்கிக்கொண்டு விசைத்தறிச் சத்தம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறியதே தவிர பாரதம் மாறவில்லை. கோடை வந்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா. பகலில் பிரசங்கி பாரதம் சொல்வார், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசன்று உயரமான பனைமரத்தை நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரர் அதில் ஏறுவார். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி.

படுகளத்துக்காகத்தான் அந்த மண் உருவம். கோயிலுக்கு எதிரே இருக்கிற திடலில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். நின்றுகொண்டு பார்த்தால் முகம் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். முழுசாகப் பார்க்க யார் வீட்டு மாடிக்காவது ஏற வேண்டும். முறுக்கிய மீசை, விழித்த கண், மார்பில் நகைகள். தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் கதையை இறக்குவார். சிவப்பு பீறிடும். அதை எடுத்துத் தடவித்தான் திரௌபதி கூந்தலை முடிப்பாள். அவ்வளவுதான், ஜனம் பாய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு பிடி மண். வயலில் போடுவார்கள், நெல் வைக்கிற இடத்தில் போடுவார்கள், எங்கம்மா தறியடியில் போடுவார். மத்தியானத்துக்குள் துரியோதனன் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கும்.

வருஷா வருஷம் இத்தனை வேலை எதற்கு என்று தோன்றியது. பெங்களூரில் பத்து வருஷம் மென்பொருள் எழுதியவனின் புத்தி. திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைப் பார்த்தால் அதை ஒரே தடவையில் முடித்துவிடக் கை அரிக்கும். விழாக் குழு அரசமரத்தடியில் கூடியபோது போய் நின்று, நிரந்தரமாக சிமெண்டில் செய்துவிடலாம், செலவு என்னுடையது என்றேன்.

மண் உருவம் செய்கிறவர் பக்கத்து ஊர்க்காரர். அவர்தான் முதலில் சிரித்தார்.

"சிமெண்ட்ல தொடைய வெச்சா பீமன் இன்னாத்தால ஒடைப்பான் தம்பி? டிரில்லிங் மெஷின் எடுத்துகினு வருவானா?"

குழுவில் மூத்தவரான மாமா கேட்டது வேறு. "பொம்பளைங்க மண்ணு எங்க எடுப்பாங்க?"

இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வேண்டுமானால் திடலுக்கு இரண்டு விளக்கு போட்டுக் கொடு என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கு எரிச்சலாக இருந்தாலும் அந்தக் குழுமேல் எனக்கு மரியாதைதான் கூடியது. யாருக்கும் சம்பளம் இல்லை. பதினோரு பேர். திடலைக் காப்பது முழுக்க அவர்கள்தான். மற்ற மாதங்களில் அங்கே காலையில் பாவு நீட்டலாம், அறுவடையில் வேர்க்கடலை காய வைக்கலாம், சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடலாம். லாரி நிறுத்தக் கூடாது. கட்சிக் கொடிக்கம்பம் கூடாது. வேப்பமரத்தில் கிளை கழிப்பதென்றாலும் குழுவிடம் சொல்லிவிட்டுத்தான். ஒரு தடவை ஒரு தலைவருக்குச் சிலை வைக்க ஆள் வந்தார்கள். கூத்து பார்க்க உட்காருகிற இடம் போய்விடும் என்று அனுப்பிவிட்டார்கள். பொது இடங்களில் சிலைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும், இருக்கிறவற்றை எடுத்துத் தலைவர்களுக்கென்று தனிப் பூங்கா அமைத்து வையுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லும் சொல்லியும் முடியாத காரியத்தை இவர்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது. நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர். நான் தங்கியிருந்த தெருவில் ஒரு மரத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. இந்த மரத்தை எடுப்பது பற்றி இன்ன தேதியில் கூட்டம், கருத்து உள்ளவர்கள் வரலாம். எனக்கு அங்கே மரமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

அந்த மாநிலத்தில் நிழல் மரக் குழு என்று ஒன்று உண்டு. 1893-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். தெருமரங்களையும் பூங்கா மரங்களையும் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களையே நியமிப்பார்கள், சம்பளம் இல்லை. அன்றைக்கு ஒரு ரிடையர்டு டீச்சர், ஒரு தோட்டக்காரர், ஒரு வக்கீல், இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்காக அரை மணி நேரம். பிறகு, பூங்காச் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் வரைய விரும்புகிற படம் மரத்தை மறைக்குமா என்று இன்னும் அரை மணி நேரம். ஒருத்தர் கோபமாகப் பேசினார். மூன்று நிமிஷம் ஆனதும் மணி அடித்தது, உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியதை ஒரு அம்மா குறித்துக்கொண்டார். பொதுக் குழுக்கள் முன்கூட்டியே அறிவித்து, கதவைத் திறந்து வைத்துத்தான் கூட வேண்டும் என்று அங்கே 1975-ல் ஒரு சட்டம் வந்தது. வெயில் சட்டம் என்று செல்லப் பெயர்.

எங்கள் அரசமரத்தடி நினைவுக்கு வந்தது. சாயல் ஒன்றுதான். ஆனால் அந்த அறையில் என்னை யாரும் "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்கவில்லை.

எழுதி வைத்துப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் முன்னால் ரிச்சர்ட் செர்ரா 1981-ல் நிறுத்திய இரும்புச் சுவரைப் பற்றி 1985-ல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் குழு எடுத்துவிட முடிவு செய்தது. 1989-ல் வெட்டி எடுத்துப் போனார்கள். ஆனால் அந்த 122 என்கிற எண் இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. யார் எதிர்த்தார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எதிர்ப்பே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது நைனாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். குழுவின் கணக்கு நோட்டு இருபது வருஷமாக அவர் கையில்தான். "கண்ணு தெளியற வரைக்கும் நீ எழுது" என்று என்னிடம் கொடுத்தார். எக்ஸெல்லில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இடது பக்கம் வரவு. தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஆண் ஒருத்தருக்கு ஒரு தலைக்கட்டு. கணவர் இல்லாத பெண்கள் பெயருக்கு நேராகப் பாதித் தொகை. 184 பெயர்கள். வலது பக்கம் செலவு: கூத்துக்குழு, பிரசங்கி, பூ, மைக் செட், பந்தல். நடுவில் ஒவ்வொரு வருஷமும் இரண்டு வரி. மண் வெட்டி வந்த கூலி. பறை கூலி. அந்த இரண்டுக்கும் மட்டும் பெயர் இல்லை.

மண் வெட்டிக்கொண்டு வருகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் காலனிக்காரர்கள். ஏரியிலிருந்து வண்டி வண்டியாக அவர்கள் கொண்டுவந்து கொட்டாவிட்டால் துரியோதனனுக்கு உடம்பு கிடையாது. பெயரில்லாமல் அவர்கள் செலவுப் பக்கத்தில் இருந்தார்கள். வரவுப் பக்கத்தில் தேடினேன். இருபது வருஷத்தில் ஒரு வீடு கூட இல்லை.

"அவங்ககிட்ட வரி வாங்கறதில்ல" என்றார் நைனா.

சின்ன வயதிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கஷ்டப்படுகிறவர்கள், விட்டுவிடுகிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஊரைப் பற்றிப் பெருமையாகக்கூட ஒரு தடவை ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் விளங்கியது. வரி கொடுத்தவன்தான் கூட்டத்தில் பேசலாம். பேசுகிறவன்தான் குழுவில் உட்காரலாம். குழுதான் திடலில் யார் எங்கே உட்காருவது என்று சொல்லும். வாங்காமல் விடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. வாசலில் நின்று ஒருவரைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நோட்டில் பெயரை எழுதாமல் இருந்தால் போதும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போவது தகராறாகி, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அப்போது நாங்கள் டீக்கடையில் "நம்ம ஊர்ல அந்த மாதிரி இல்ல" என்று பேசிக்கொண்டோம். சண்டை இல்லைதான். சண்டை போட யாரும் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அரசின் நில ஆவண இணையதளத்தில் திடலின் சர்வே நம்பரைப் போட்டு அ-பதிவேட்டைப் பார்த்தேன். கோயில் நிலம் என்றுதான் ஊரே சொல்லும். பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தது. சட்டப்படி அந்தத் திடல் 184 தலைக்கட்டுக்கும் பதினோரு பேருக்கும் சொந்தமில்லை. எவ்வளவு காலமாகக் காத்துவந்தாலும் அவர்கள் காவல்காரர்கள்தான்.

போன வருஷம் விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் கேட்டேன். காலனி வீடுகளிலும் இந்தத் தடவை வரி வாங்கலாமே. எல்லோரும் அரசமரத்தைப் பார்த்தார்கள். சிமெண்ட் விஷயத்தில் சிரித்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை.

"அவங்களே கேக்கலியேப்பா" என்றார் மாமா.

"கேக்கறதுக்கு இந்தக் கூட்டத்துக்கு வரணுமே மாமா."

"விழா நல்லபடியா நடக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

நான் கேட்டதையாவது எழுதுங்கள் என்றேன். நைனா பேனாவை எடுத்துவிட்டார், ஆனால் அந்த நோட்டில் தொகையைத் தவிர வேறு எதையும் அவர் எழுதியதில்லை. "இன்னான்னு எழுதறது?" என்று என்னையே கேட்டார். கடைசியில் மைக் செட் முன்பணத்துக்குக் கீழே எழுதினார்: காலனி வரி விஷயம் பேசப்பட்டது. முடிவு இல்லை.

எனக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது. பத்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் ஒருத்தன் காலனியில் இருக்கிறான். இப்போது திருத்தணியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். திடலில் நான் போட்ட விளக்குகளுக்கு வயரிங் செய்ததே அவன்தான். அவனிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க நோட்ல எங்க பேரு வர்றதுக்கு நாங்க எதுக்குடா காத்துகினு இருக்கணும்? திடலு ஊராட்சியோடதுதானே. அதுக்கு வேற நோட்டு இருக்குது."

எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கிராம சபைத் தீர்மான நோட்டைச் சொல்கிறான். 1994 ஊராட்சிச் சட்டப்படி ஊரில் ஓட்டு இருக்கிற எல்லோரும் கிராம சபைக்காரர்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லை, ஆணாக இருக்க வேண்டியதில்லை, வரி கட்டியிருக்க வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்த கதவு எங்கள் ஊரிலும் இருந்தது. எனக்கு ஓட்டுரிமை வந்ததிலிருந்து அதற்குள் ஒரு தடவையும் நான் போனதில்லை.

அக்டோபர் 2-ம் தேதி போனேன். நைனாவும் வந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் பாதி நேரம் குடிநீர்க் குழாயைப் பற்றியே ஓடியது. பிறகு என் நண்பன் எழுந்து, திடலில் பெஞ்சும் மரக்கன்றுகளும் ஊராட்சி வைக்க வேண்டும், பராமரிப்புக் குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும் என்று படித்தான். விழாக் குழுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மாமா போகவில்லை. "படுகளத்துக்கு இடம் உடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். "மண்ணே நாங்கதான மாமா கொண்டாறோம்" என்றான் அவன். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளர் எழுதிக்கொண்டார்: கோரிக்கை பரிசீலிக்கப்படும்.

இதுவரை பெஞ்சு வரவில்லை. விழாக் குழுவின் பட்டியலும் மாறவில்லை.

அன்றைக்குக் கடைசியில் கையெழுத்துப் போட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நைனா கண்ணாடியை இறக்கிவிட்டு, தனக்கு முன்னால் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கணக்கு எழுதுகிறவருக்கு அது பழக்கம். என் நண்பனின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, "இதுல தொகை போடற காலமே இல்லியே" என்றார்.