அந்த 17 கவர்கள்

1998-இல் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்ததும், சுற்றுவட்டாரத்தில் உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்தன. அப்படி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது.

ஒரு தீபாவளிக்கு போனஸைக் கவரில் போட்டுக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களின் டோக்கன் நம்பரை டைம் ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். சாயங்காலம் மேனேஜர், "யாருக்காவது பாக்கி இருக்கா?" என்று கேட்டார். வாங்கியோர் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்று 'நாட் இன்' போட்டு டேட்டாபேஸைக் கேட்டேன். ஒரு பெயரும் வரவில்லை. "எல்லாருக்கும் கொடுத்தாச்சு சார்" என்றேன்.

சற்று நேரத்தில் பிரஸ் ஷாப் பையன் ஒருவன் வந்தான். திருவண்ணாமலைப் பக்கம்.

"எனக்குக் கவர் வரலை சார்."

"லிஸ்ட்ல பாக்கியே இல்லையே தம்பி. நல்லா யோசிச்சுப் பாரு."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போனஸ் வாங்கினோமா இல்லையா என்று ஒருவனுக்குத் தெரியாதா! பேசாமல் போய்விட்டான்.

பூந்தமல்லி வரை பஸ்ஸில் அவன் முகம்தான். மறுநாள் காலை பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு வரியில் டோக்கன் நம்பரே இல்லை. கையெழுத்துப் புரியாமல் கிளார்க் காலியாக விட்டிருக்கிறார். டேட்டாபேஸில் இதற்கு 'நல்' என்று பெயர். பூஜ்யம் அல்ல, 'என்னவென்று தெரியாது' என்று அர்த்தம்.

இந்தப் பையன் பட்டியலில் இல்லையா என்று கேட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நம்பராக ஒப்பிடும். மற்றதெல்லாம் இவன் நம்பர் இல்லை. ஆனால் அந்தக் காலி இடம் இவனாக இருக்கலாமே? ஆகவே பதில், 'தெரியாது'. உறுதியாக 'ஆம்' என்றால்தான் பெயர் வெளியே வரும். ஒரே ஒரு காலி இடம் அத்தனை பேரையும் மறைத்துவிட்டது.

1970-இல் இந்த அட்டவணை முறையை முன்வைத்த ஐ.பி.எம். எட்கர் காட்தான், பிற்பாடு உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்பதையும் விடையாகச் சேர்த்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் 'தெரியாது' என்றது. நான் 'இல்லை' என்று படித்தேன்.

காலி வரியை விலக்கி மறுபடி ஓட்டினேன். 18 பேர். ஒருவர் அந்தக் கிறுக்கல் கையெழுத்துக்காரர். மீதி 17 கவர்களும் கட்டுப் பிரிக்காமல் பீரோவிலேயே கிடந்தன. அதற்குள் பையன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

தீபாவளி முடிந்து வந்தவனிடம் கவரை நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"தங்கச்சிக்குப் பாவாடை எடுக்கலாம்னு இருந்தேன் சார். பரவாயில்ல, பொங்கலுக்கு எடுத்துக்கறேன்."