ஆம்பியர் முள்

செம்மேட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, இருட்டின பிறகு நானும் வீட்டுக்காரியும் புல்லட்டில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் ஹெட்லைட் மஞ்சளாகி, அகல் விளக்கு மாதிரி ஆகிவிட்டது. ஹெட்லைட்டுக்கு மேலே பதித்திருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தேன். எவ்வளவு முறுக்கினாலும் முள் மைனஸ் பக்கமே கிடந்தது. என் தோளுக்கு மேலே அவள் டார்ச்சை நீட்டிப் பிடிக்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக முதல் கியரிலேயே இறங்கினோம்.

அதற்குள் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தேன். குற்றம் பேட்டரியில் இல்லை. பேட்டரி வெறும் குடம்; அதில் தண்ணீர் ஊற்றுவது ஆல்டர்னேட்டர். மறுநாள் மெக்கானிக் தம்பி இடதுபக்கச் செயின் கவரைக் கழற்றினார். கிராங்க் முனையில் சுற்றும் காந்தம் நன்றாகவே இருந்தது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயில்தான், வருஷக்கணக்காக எண்ணெயிலும் சூட்டிலும் கிடந்து, ஒயரின் உறை உதிர்ந்து போயிருந்தது. ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயரும் போய்விட்டது. இரண்டையும் மாற்றினோம். காந்தம் காயிலில் உரசக்கூடாது என்று, இடைவெளியில் போஸ்ட் கார்டுத் துண்டைச் சுற்றிலும் விட்டுப் பார்த்த பிறகே தம்பி கவரை மூடினார்.

ஸ்டார்ட் செய்து முறுக்கியதும் முள் பிளஸ் பக்கம் சாய்ந்தது. அத்தனை நாளும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பார்க்காதவன் நான்.

இப்போதெல்லாம் வீட்டுக்காரி பின்னால் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கேட்பது இதுதான்: "முள்ளு எந்தப் பக்கம் இருக்குதுங்க?"