களியைத் துளைக்கிறவர்கள்

கடப்பாரை இறங்கும் சத்தத்திலேயே மேஸ்திரிக்கு மண் தெரிந்துவிடுகிறது. "இன்னும் களிதான், எடு தம்பி" என்று குழியின் விளிம்பில் நின்றபடி சொன்னார். உள்ளிருந்து கயிற்றில் ஏறிவந்த சட்டியில் கருத்த மண். அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். திரியாக நீண்டது, உடையவில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில், மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். ஐப்பசி மழை வலுப்பதற்குள் மழைநீர் மண்ணில் இறங்கக் குழி வெட்டி, சிமென்ட் வளையங்களான உறைகளை இறக்கிவிட வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்கு அவசரம். வளர்ந்த பப்பாளி மரங்கள் போன மழையில் போய்விட்டன, முருங்கை சாய்ந்துவிட்டது. கறிவேப்பிலை துவண்டதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து, மேலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பல வீடுகளில் நடப்பதுதான் இது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்குகளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும். பப்பாளிக்கு இரண்டு நாள் தேக்கமே அதிகம்.

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. வீட்டைச் சுற்றி சிமென்ட் போட்டு, மீதி இடத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி உயர்த்துவதே பலருக்குத் தெரிந்த வைத்தியம். எனக்கு இதில் கோபம் உண்டு. தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறதே தவிர, எங்கும் இறங்குவதில்லை.

இந்த வீட்டிலும் மழைநீர்க் குழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டி, கருங்கல் ஜல்லி நிரப்பிய குழி. ஆழம் மூன்றடிதான், அதுவும் களிக்குள்ளேயே முடிந்துவிட்டது. "களியைத் தாண்டலைன்னா அது வெறும் தொட்டி சார்" என்றார் மேஸ்திரி. கணக்கும் அதையே சொல்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். மூன்றடி அகலம், பன்னிரண்டடி ஆழமுள்ள உறைக்குழி கொள்வது சுமார் 2,400 லிட்டர். அடியில் உறிஞ்சும் மண் இல்லையென்றால் இவ்வளவு பெரிய குழியும் சீக்கிரமே நிரம்பி வழியும்.

உறை இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முழுக்குழியையும் வெட்டிவிட்டு உறைகளை அடுக்குவதில்லை. முதல் உறையைத் தரையில் வைத்து, அதற்குள் ஒருவர் உட்கார்ந்து, உறையின் காலடி மண்ணைச் சுற்றிலும் சமமாக அரிந்தெடுக்கிறார். உறை தன் கனத்தாலேயே கீழே போகிறது. அதன் தலை தரைமட்டத்துக்கு வந்ததும் மேலே அடுத்த உறை. ஒரு பக்கம் கூடுதலாக அரிந்துவிட்டால் உறை சாய்ந்து கடித்துக்கொள்ளும், அப்புறம் நேராக்குவது பெரும்பாடு. உறை இறக்குவது புதிதல்ல; கீழடி அகழாய்விலும் பழங்காலச் சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டன. உறை அன்று சுட்ட மண், இன்று சிமென்ட்.

ஒன்பதாவது அடியைத் தாண்டியதும் கடப்பாரையின் ஓசை மாறியது. கரகரவென்று பருமணல். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார் மேஸ்திரி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போனது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உயிர்ப்பயம் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு யாரும் நேரே குழியில் இறங்கவில்லை. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலக்கினார்கள், பிறகு எரியும் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். விளக்கு அணையாததால் மட்டும் குழி பாதுகாப்பாகிவிடாது. எல்லா விஷவாயுவையும் அது காட்டிக்கொடுப்பதில்லை. இறங்குகிறவர் இடுப்பில் பெல்ட், மேலே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர், கழிவுநீர்த் தொட்டிக்கு எட்டத்தில் குழி: இவற்றுக்கான செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். கூலி பேசும்போது நம்மில் பெரும்பாலோர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சாயங்காலம் தெருக்கோடி வீட்டுக்காரர் வந்து, தனக்கும் ஒரு உறைக்குழி வேண்டும் என்று முன்பணத்தை நீட்டினார். மேஸ்திரி போய் அவர் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் மூன்றடியில் நின்றது.

"வேணாங்க. கீழேயே இடம் இல்ல. உறை இறக்கினா அது வழியா தண்ணி மேல ஏறும், உங்க காசுதான் வீணாகும்."

"அப்போ தோட்டத்தை விட்டுடுறதா, மேஸ்திரி?"

"விடுவானேன்? பாத்தியை ஒன்றரை அடி மேடாக்குங்க. நடுவுல வாய்க்கால் விடுங்க. பள்ளத்துல சேம்பும் கல்வாழையும் வைங்க, அதுங்க ஈரத்தைத் தாங்கும். வாட்டம் நான் பார்த்துத் தர்றேன்."

நீள டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். மறுமுனையோடு வாசல் வடிகால் வரை நடந்து, மட்டம் நின்ற இடங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டார். வாய்க்கால் வெட்டும் வேலையை அந்த வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, முன்பணத்தை வாங்காமலே கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார்.