கவலைமேட்டுக் காளைகள்

பாக்கு வேகும் வாடை உனக்கு மறந்திருக்காது. பெத்தநாயக்கன்பாளையத்துத் தோப்புகளில் காய் உரிக்கும் பெண்களின் பேச்சு ஓயாது. அண்டாவில் தண்ணி செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வாடையைத் தாண்டினால் கிணற்றுமேடு. தாத்தா காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைக்கிறார். சால் நிரம்பி மேலேற உருளை கிறீச்சிடுகிறது, தும்பி வழியாகத் தண்ணி குபுகுபுவென்று தொட்டியில் விழுகிறது. எண்ணெய் ஊறிய தோல் வாசம் அவர் வேட்டியிலும் இருக்கும். அந்தச் சாலைத் தைத்ததும் அவர்தான்.

அப்புறம் மோட்டார் வந்தது, பண்ணயக்காரருக்குக் கரண்டு பில் வந்தது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு சங்கம் கட்டினார். 1972இல் உழவர்கள் கோயம்புத்தூர்த் தெருக்களில் கட்டை வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஊரே ஸ்தம்பித்தது. அந்தக் கதையைச் சாவடியில் கேட்டுவிட்டு வந்த தாத்தா, காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பண்ணயக்காரர் கூப்பிட்டா இது அசையாது கண்ணு, நாம சொன்னாத்தான் நகரும்" என்றார். அவர் குரலில் அத்தனை பெருமையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த ஆண்டு ஜூலை 5 அன்று போலீஸ் துப்பாக்கி நம்மூரிலேயே வெடித்தது. உழவர்கள் செத்து விழுந்தார்கள். ராத்திரி எங்கள் தெருவில் யாரும் உலை வைக்கவில்லை. பாட்டி பழைய கம்மங்கூழைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றினாள்.

கரண்டுக்காக நடந்த அந்தப் போராட்டத்தை மனசாரப் பேசிய தாத்தாவின் குடிசையில் எரிந்தது சிமினி விளக்குதான். அவருக்குக் கூலி வள்ளத்தில் அளந்த சோளம். கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தில் 44 பேரைக் குடிசையோடு எரித்த பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதுவும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு. வசிஷ்ட நதிக்கரையில் கூலியை உயர்த்திக் கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது?

1990இல் விவசாயத்துக்குக் கரண்டு இலவசமானது. துப்பாக்கிக்குப் பலியான உழவர்களின் சாவுகளுக்குக் கிடைத்த பலன் அது, நான் அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். இப்போது போர்க்கிணறு பூமிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. கவலைமேட்டைச் சமன் செய்து குச்சிக்கிழங்கு நட்டிருக்கிறார்கள். ஒரு ஜோடி உழவு மாடு பார்க்க ஊரெல்லாம் சுற்ற வேண்டும்.

ஜூலை 5 வந்தால் தியாகிகளுக்கு மாலை போடுவார்கள். நானும் போய் நிற்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிழங்கு பிடுங்கும் பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள். இங்கே வந்து நின்றால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது.