ஆணி அடிக்காத வீட்டில் ஆணி பிடுங்குவது எப்படி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பதிவும் ஆணி பத்தினதுதான். ஆனா ரெண்டு விதமான ஆணி.

நம்ம ஊர் அணுபுரம். தெரியாதவங்களுக்கு: திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவுல, அணுசக்தித் துறை ஊழியர்களுக்காகக் கட்டின டவுன்ஷிப். மரம் ஜாஸ்தி, சத்தம் கம்மி. அப்பா கல்பாக்கத்துல ஷிப்ட் வேலை. ரெண்டு பெட்ரூம் குவார்ட்டர்ஸ். ஒண்ணுல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு அப்பா பகல்ல தூங்குவார். இன்னொண்ணு தங்கச்சியோட புத்தக மூட்டைக்கு. எனக்கு? ஹால்தான்.

கொசுவத்தியைச் சுத்துங்க. 2020 மார்ச், ஊரடங்கு. சிறுசேரியில பொட்டி தட்டிட்டிருந்தவன், லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ரெண்டு வாரம்னு சொன்னாங்க. அந்த ரெண்டு வாரம் எவ்வளவு நீளம்னு உங்களுக்கும் தெரியும்.

முதல்ல கட்டில், அப்புறம் டைனிங் டேபிள். கழுத்து போச்சு, முதுகு போச்சு. சுவத்துல மடக்குப் பலகை மாட்டலாம்னு அப்பாகிட்ட கேட்டேன்.

"டேய், இது நம்ம வீடு இல்ல. ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது."

இருபது வருஷமா எங்க வீட்டுல காலண்டரே ஜன்னல் கம்பியிலதான் தொங்குது. பலகைக்கு எங்கே போறது!

அப்புறம் கண்ணுல பட்டது ஹால் ஜன்னலோரம். மூணரை அடி அகலம். ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் சுவரு. பக்கத்துலயே பிளக் பாயின்ட். வெளிச்சம் பக்கவாட்டுல விழும், ஸ்கிரீன்ல கண் கூசாது. ஒரே பிரச்சனை, அங்கே அம்மாவோட தையல் மெஷின் இருந்துச்சு. கல்யாணத்துக்குத் தாத்தா சீரா கொடுத்த கால் மெஷின்.

"பின்னாடி பால்கனியில வெச்சுக்கறேன்பா, நீ வேலையப் பாரு"ன்னு அம்மாவே தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் ரொம்ப யோசிக்கலை. மடக்கு மேசை வாங்கினேன். லேப்டாப்புக்கு அடியில பழைய இன்ஜினியரிங் புக்கை அடுக்கி, ஸ்கிரீனைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன் (நாலு வருஷப் படிப்பு வீண் போகலை பாருங்க). தனியா ஒரு கீபோர்டு. கழுத்து வலி குறைஞ்சுது. செட்டப்பை போட்டோ எடுத்து ஊரெல்லாம் காட்டினேன்.

2022 டிசம்பர் 9 ராத்திரி, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. நாங்க ஜன்னலைச் சாத்தி, என் மேசையை நடு ஹாலுக்கு இழுத்து, லேப்டாப்பைப் பாலிதீன் கவர்ல சுத்தினோம். பால்கனியில இருந்த மெஷின் எங்க யார் ஞாபகத்துக்கும் வரலை. அம்மா ஞாபகத்துக்கு வந்திருக்கும். சொல்லலை.

ரெண்டு வாரம் கழிச்சு என் சட்டையில பட்டன் போயிடுச்சுன்னு நின்னப்போ, அம்மா ஊசி நூலை எடுத்துக் கையாலயே தைச்சாங்க. "மெஷின் என்னாச்சும்மா?"ன்னேன். "சக்கரம் சுத்தலைப்பா." போய்ப் பார்த்தா, ஏற்கெனவே உப்புக்காத்து, மேல மழைத் தண்ணி. துரு. அக்கம்பக்கத்து வீட்டு ரவிக்கை தைச்சு அம்மா கையில வந்துட்டிருந்த காசு ரெண்டு வருஷமாவே குறைஞ்சு போனதும் அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பால்கனி வெயில்ல உக்காந்து யாரால தைக்க முடியும்?

அந்த ஞாயித்துக்கிழமை முழுக்க மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், மெஷின் ஆயில். சாயந்திரம் சக்கரம் சுத்துச்சு. ஆனா எங்கே வைக்கறது?

வழி சொன்னது அப்பா. "உனக்கு ஒரு மேசை, அவளுக்கு ஒரு மேசைன்னு ஏன்டா கணக்குப் போடறே? கன்ட்ரோல் ரூம்ல ஷிப்டுக்கு ஒரு ரூமா கட்டி வெச்சிருக்கோம்? நாற்காலி அதே நாற்காலிதான், ஆள்தான் மாறும்."

அட! கல்பாக்கத்துல முதல் அணுமின் யூனிட் 1984லயும் ரெண்டாவது 1986லயும் வணிக உற்பத்திக்கு வந்துச்சு. அப்பவே ஊரே ஷிப்டுக்குப் பழகிடுச்சு. எங்க துறையில மட்டும் என்ன? 1961லயே எம்.ஐ.டி.யில கார்பட்டோ குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கற டைம் ஷேரிங்கை ஓட்டிக் காட்டிட்டாங்க. பரீட்சையில அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். வீட்டுல உறைக்கலை.

இப்போ ஏற்பாடு இதுதான். எனக்கு ஷிப்ட் மதியம் ரெண்டுலேருந்து. அது வரைக்கும் ஜன்னலோரம் அம்மாவுக்கு. என் மேசை மடங்கி பீரோவுக்குப் பின்னாடி நிக்கும். திருக்கழுக்குன்றத்துல ஒரு தச்சர்கிட்ட சக்கரம் வெச்ச பலகை செஞ்சு, மெஷினை அதுமேல ஏத்தியாச்சு. ஒன்றரை மணிக்கு மூடி போட்டு ஓரமா தள்ளினா, அதுவே எனக்குப் பக்க மேசை. அப்பா பகல்ல தூங்கற நாள்ல அம்மா மெஷினை மிதிக்காம, கொக்கி வைக்கறது, ஹெம்மிங்னு கைவேலை பார்ப்பாங்க.

போன மாசம் மாமல்லபுரம் போயிருந்தேன். அர்ச்சுனன் தபசு பாறைக்கு நடுவுல ஒரு பிளவு இருக்குல்ல? நானா இருந்தா 'சைட் சரியில்லை'ன்னு டிக்கெட் போட்டிருப்பேன். பல்லவர் காலத்துச் சிற்பி அந்தப் பிளவுல நாகர்களைச் செதுக்கி, அதையே நதியாக்கிட்டான். இடத்தோட குறைன்னு நாம நினைக்கறதுதான் அங்கே நடுநாயகமா நிக்குது.

அப்பா ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டே வருஷம். அடுத்த வீடு எங்கேன்னு முடிவாகலை. மேசை, மெஷின், பீரோ எல்லாம் லாரியில ஏறிடும். சுவத்துல ஒரு ஓட்டை கூட இருக்காது.

டிஸ்கி: பெல்ட்டைக் கழட்டிட்டா மெஷின் பெடல் சும்மா ஆடும். மேனேஜர் நீளமா பேசற கால்கள்ல அதை மிதிச்சுக்கிட்டே கேட்டா கோபம் வராது. அனுபவம்!